மட்டை எந்தப் பக்கம் வளைகிறது?

உப்புவெளி,
திருகோணமலை.
தை மாதம், சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ ரொறன்ரோவிலிருந்து கதைத்துவிட்டு வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "அப்பா, என்னுடைய சிஃப்டில்தான் மட்டை வளைகிறது, எனக்கு இந்த வேலை சரிவராது போல" என்று சொன்னாய். உன் குரல் அடைத்திருந்தது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். தம்பி படமெடுத்து அனுப்புவான். வேலைக்கு ஓடும்போது வாசிக்காதே, ஆறுதலாக இருந்து வாசி.

கடதாசிப் பெட்டிக்கு நெளி மட்டை ஒட்டுகிற அந்த மாதிரி மெசினோடு 22 வருடம் நான் நின்றவன். மட்டை வளையாமல் ஓட்டிய ஒப்பரேட்டர் ஒருவரையும் நான் கண்டதில்லை. வளைந்தவுடன் என்ன பார்த்தார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது.

இன்று காலையில் விறாந்தையில் ஒரு வேலை செய்து பார்த்தேன். நீயும் உன் அறையில் செய்து பார். தம்பியின் மகளுக்குப் புது வகுப்புக் கொப்பிகளுக்கு உறை போட்டு மிஞ்சிய பிரவுண் பேப்பர் கிடந்தது. அதில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் ஈரப் பஞ்சால் தடவினேன். உடனே அது ஈரப் பக்கம் வெளியே தெரிய, காய்ந்த பக்கத்தை நோக்கிச் சுருண்டது. சரி என்று அப்படியே மேசையில் விட்டேன். வெளியே வாடைக் காற்று, வானம் மூடிக் கிடந்தது, காய நேரம் எடுத்தது. அம்மா தேத்தண்ணி கொண்டு வந்த நேரம் பார்த்தால் துண்டு மெல்ல நிமிர்ந்து தட்டையாகியிருந்தது. முழுக்கக் காய்ந்த பிறகு மறுபக்கம் திரும்பிவிட்டது. முதலில் எந்தப் பக்கம் நனைந்ததோ அந்தப் பக்கத்தை நோக்கி இப்போது சுருண்டு கிடக்கிறது. உனக்குக் காட்டலாம் என்று அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மெசினில் நடப்பதெல்லாம் இதுதான், பிள்ளை. கடதாசி நார் ஈரம் குடித்தால் நீளத்தில் கொஞ்சம்தான் கூடும், தடிப்பில் அதைவிடப் பல மடங்கு கூடும். நார்கள் பெரும்பாலும் மெசின் ஓடுகிற திசையில் படுத்திருக்கின்றன. அதனால் ஈரமான கடதாசி குறுக்கே அகலும், காய்ந்தால் குறுக்கே சுருங்கும். உனக்குத் தெரிந்ததுதான், மட்டையின் மேலும் கீழும் இருக்கிற தட்டைக் கடதாசி லைனர், நடுவில் நெளிநெளியாக நிற்பது புளூட். மேல் லைனர் ஈரமாகவும் கீழ் லைனர் காய்ந்தும் இருக்கும்போது இரண்டையும் புளூட்டோடு ஒட்டிவிடுகிறோம். அந்த நேரம் மட்டை தட்டையாகத்தான் வெளியே வரும். பிறகு இரண்டும் ஒரே அளவுக்குக் காயும்போது, கூட ஈரமாக இருந்தது கூடச் சுருங்கும். மட்டை அந்தப் பக்கம் வளையும்.

எவ்வளவு சுருங்கினால் வளையும் என்று கேட்பாய். 2 மீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள மட்டையில் ஒரு பக்கக் கடதாசி மற்றப் பக்கத்தைவிட 2 மில்லிமீட்டர் குறுகினால் போதும். கணக்குப் போட்டுப் பார், ஓரம் 16 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வித்தியாசம் அந்த அளவு கோணலைக் கொண்டு வருகிறது. உன்னுடைய கவனக்குறைவு என்று அந்த மேற்பார்வையாளர் சொன்னது எனக்கு நெஞ்சில் குத்தியது. அவரும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி, வளைந்த மட்டையைக் கையில் எடுத்தால் முதலில் புளூட் நெளிகளின் கோடுகளைப் பார். புளூட்டே வில்லுப்போல வளைந்திருந்தால் அது ஈரத்தால் வந்தது. புளூட் நேராகவே நிற்க, மட்டை பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருண்டால் அது இழுவையால் வந்தது. ஒரு கடதாசியைக் கூட இழுத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறாய், விட்டவுடன் அது தன் நீளத்துக்குத் திரும்புகிறது. அதற்கு றோலின் பிரேக்கையும், ஒரு பக்கம் ஒட்டிய மட்டை காத்துக் கிடக்கிற பிரிட்ஜின் இழுவையையும் பார்க்க வேண்டும், சூட்டில் கைவைத்துப் பயனில்லை. ஒரு ஓரம் மேலேயும் மற்ற ஓரம் கீழேயும் போய் எஸ் எழுத்துப்போல நின்றால், கடதாசி றோலின் அகலத்திலேயே ஈரம் ஒரு சீராக இல்லை என்று நினைத்துக்கொள். மூலைக்கு மூலை முறுகினால் கடதாசி கோணலாக ஓடுகிறதா, ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் தொய்கிறதா என்று பார். இந்த முறுக்கு சில நேரம் கடதாசி ஆலையிலேயே பிறந்து வரும். நார் சரிந்து படுத்த கடதாசியை நீ எந்த வால்வைத் திருகியும் நிமிர்த்த முடியாது. றோலின் இலக்கத்தை எழுதி வைத்துவிட்டு மாற்றச் சொல்லு.

நீ சொன்னது ஓரம் இரண்டும் மேலே, அதாவது முதலில் சிங்கிள் ஃபேசரில் புளூட்டோடு ஒட்டிய லைனர்ப் பக்கம், எழும்புகிறது என்று. அப்படியென்றால் அந்த லைனர் ஈரம் கூடி வருகிறது, இல்லையென்றால் கடைசியாக டபுள் பேக்கரில், சுடு தட்டுகளுக்கு மேல், கீழ்ப்பக்கம் ஒட்டுகிற லைனர் மிதமிஞ்சிக் காய்கிறது. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. ஈரமானி இருந்தால் இரண்டு றோலையும் மெசினுக்குப் போகுமுன் அளந்து பார். மேல் லைனர் ஈரமென்றால் பிரிஹீட்டரில், அதாவது அந்தச் சூடான உருளையில், அது சுற்றுகிற அளவைக் கூட்டு, சிங்கிள் ஃபேசரில் பசையைக் கொஞ்சம் குறை. கீழ் லைனர் காய்ந்து வருகிறதென்றால் அதன் சுற்றைக் குறை. பசையின் அளவைத் தீர்மானிக்கிற உருளை இடைவெளியைத் தொடும்போது பயத்தோடு தொடு. ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிற இடைவெளி அது, சும்மா திருகினால் மட்டை முழுக்கக் குளித்துவிடும்.

றோல் மாற்ற மெசினை மெதுவாக்கும்போதுதான் கூட வளைகிறது என்றாயே, அது நல்ல தடயம். வேகம் குறைந்தால் கீழ் லைனர் சுடு தட்டுகளின் மேல் கூட நேரம் கிடக்கிறது. உள்ளே 10 பார் ஸ்டீம் என்றால் அந்த ஸ்டீம் 180 பாகை அளவில் இருக்கும், தட்டும் அதற்குக் கிட்டச் சுடும். மாச்சத்துப் பசை இறுகுவதற்குப் பசைக் கோட்டில் 65 பாகை அளவு வந்தால் போதும். மிச்சச் சூடெல்லாம் அந்த லைனரிலிருந்து ஈரத்தைத்தான் உறிஞ்சும். அதனால் மட்டை மேலே எழும்பும். வேகம் குறையும்போது கீழ் லைனரின் பிரிஹீட்டர்ச் சுற்றும் தட்டின் மேலுள்ள அழுத்தமும் கூடவே குறைய வேண்டும். உங்கள் மெசின் அதைத் தானாகச் செய்கிறதா, நீ கையால் செய்ய வேண்டுமா என்று கேட்டு வை.

சுடு தட்டு என்றதும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஞாபகம் வருகின்றன. உனக்கு ஏழு வயது, ஏழு கிணற்றிலும் கையை விட்டு, "இது சுடுகுது, இது அவ்வளவு சுடவில்லை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு ஓடினாய். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற கிணறுகள், சூடு மட்டும் வேறு வேறு. தட்டுகளும் அப்படி ஆகிவிடும். ஸ்டீம் ஆறி வருகிற தண்ணீரை வெளியேற்றுகிற ஸ்டீம் ட்ரப் ஒன்று அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி அந்தத் தட்டு மட்டும் ஆறிவிடும். சூடு அளக்கிற துவக்கை எடுத்து, சிஃப்ட் தொடங்கும்போது தட்டுத் தட்டாக இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று அளந்து எழுது. கையை மட்டும் வைத்துவிடாதே!

நான் செய்த பிழையையும் உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கே முழுதாகச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், இறால் ஏற்றுமதிக்கான பெட்டிக்கு மட்டை ஓடுகிறது. மேலே வளைகிறது. பிரிஹீட்டர்ச் சுற்றைக் கூட்டினேன், மட்டை வெட்டுப்படுகிற கத்தியடியில் பார்த்தால் மாற்றமில்லை. இன்னும் கூட்டினேன், மாற்றமில்லை. பசையைக் குறைத்தேன். அதற்குள் முதல் மாற்றம் வந்து மட்டை நிமிர்ந்தது, நான் பசையால் நிமிர்ந்தது என்று நினைத்து இன்னும் குறைத்தேன். அடுத்தடுத்து எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தபோது மட்டை கீழ்ப்பக்கம் வளைந்து, ஓரத்தில் லைனர் பிடிக்காமல் கழன்று வந்தது. இரண்டு அடுக்கு மட்டை குப்பைக்குப் போனது. மிச்சத்தைப் பாரம் வைத்து நிமிர்த்தலாம் என்று பழைய இரும்புகளைத் தூக்கி வைத்தேன். காலையில் இரும்பை எடுத்த கையோடு மட்டை திரும்பவும் எழும்பியது. அச்சு மெசினில் போட்டார்கள், நாலைந்து தாளுக்கு ஒரு தாள் சிக்கி நின்றது. அந்த ஓடர் அன்று போகவில்லை.

அங்கே ஒரு வயதான சிங்கள பாஸ் இருந்தார். ஏசவில்லை. என்னைப் பிரிட்ஜுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய், மடிமடியாகத் தொங்கிய மட்டையைக் காட்டி, "நீ இப்போது செய்தது இதெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அங்கே தெரியும், அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில்" என்றார். பிரிட்ஜில் 100 மீட்டர் கிடக்கிறது, மெசின் நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடுகிறது என்றால், சிங்கிள் ஃபேசரில் செய்த மாற்றம் கத்திக்கு வர ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடம் நிற்கப் பொறுமையில்லாமல் ஒரு நாள் வேலையைக் கெடுத்தேன். அன்று தொடக்கம் மாற்றம் செய்யும் இடத்தில் கடதாசி ஓரத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவேன். கோடு கத்திக்கு வரும்வரை வேறு எதிலும் கைவைக்க மாட்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நீயும் அப்படிச் செய், மகள். நேற்று நீ "எல்லாத்தையும் மாத்திப் பாத்தேன்" என்று சொன்னபோது எனக்கு அந்த நாள்தான் கண்ணுக்குள் வந்தது.

உங்கள் ஊர்க் குளிரைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் கடதாசியைத் தெரியும். இங்கே இந்த மாதத்தில் நெருப்புப் பெட்டியே நமுத்துப்போகிறது. ரொறன்ரோவில் வெளியே உறைகிற காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் அதில் ஈரமே இருக்காது. கடதாசி சோதிப்பதற்கு வைத்திருக்கிற நியமம் 23 பாகையும் 50 சதவீத ஈரப்பதனும். உங்கள் களஞ்சியம் அதற்குக் கிட்டவும் இராது. உறை கழற்றிய றோலை அங்கே விட்டால் ஓரங்கள் முதலில் காயும், நடு ஈரமாகவே இருக்கும். அதனால் உறையை ஏற்றுகிற நேரத்தில் மட்டும் கழற்றுங்கள். லொறியிலிருந்து உறைந்து வந்த றோலை அன்றே ஏற்றவும் வேண்டாம். வெளியே தொட்டால் சூடேறியது போல இருக்கும், உள்ளே நாட்கணக்கில் குளிர் நிற்கும். றோல் பாதி ஓடிய பிறகு வளைவு தொடங்குகிறதென்றால் எனக்கு முதல் சந்தேகம் அதில்தான் வரும். அது எத்தனை நாள் உள்ளே கிடந்தது என்று பார்த்துச் சொல்லு.

அடுக்குவதையும் மறந்துவிடாதே. சூட்டோடு வருகிற மட்டைக்குப் பக்கத்தில் காற்றாடியோ திறந்த கதவோ இருந்தால் மேல் தாள்கள் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். கட்டுக் கட்டாகத் திருப்பித் திருப்பி அடுக்கினால் கொஞ்சம் வளைந்தவை ஒன்றையொன்று அமர்த்தும். நிறைய வளைந்ததை அது காப்பாற்றாது.

அம்மா உனக்குப் பனங்கிழங்கு ஒடியலும் மிளகாய்த் தூளும் கட்டி வைத்திருக்கிறா, அடுத்த கிழமை வருகிற ஆளிடம் கொடுத்து விடுவோம். நேற்று அவ பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்தா. நீ சாப்பிடாமல் சிஃப்டுக்குப் போவதை எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் வளைந்த தாள் ஒன்றைத் தட்டையான மேசையில் வைத்து, ஓரத்துக்கு ஓரம் நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அடிமட்டத்தால் அள. புளூட் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்பு. எந்தப் பக்கம் சிங்கிள் ஃபேசர் லைனர் என்று பேனாவால் எழுதிவிட்டு எடு, இல்லாவிட்டால் படத்தில் எனக்கு விளங்காது. இங்கே விடிய எழும்பி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

அன்புடன்,
அப்பா