மாப்ளே, அந்த போட்டோ இன்னும் இருக்கா?

மாப்ளே, எப்டிடா இருக்க? பதில் போட லேட்டாயிருச்சு, கோச்சுக்காத, இங்க கரண்ட் இருந்தா நெட்டு இருக்காது, நெட்டு வந்தா கரண்ட் போயிரும், ரங்கூன் கத இப்ப இதான். முட்டி வலி அப்டியே இருக்கு, மத்தபடி வண்டி ஓடுது.

அப்பாக்களோட ஐஎன்ஏ சங்கம், அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல இருந்தவங்க சங்கம், இன்னும் இருக்கான்னு கேட்டிருந்த. இருக்குடா, ஆனா படைல இருந்தவங்க ஒருத்தர்கூட இப்ப இல்ல, என்ன மாதிரி மகனுங்க, பேரனுங்க கொஞ்சம், அப்பறம் வயசான பாட்டிங்க மூணு பேரு. உள்ளத சொல்லணும்னா ஜனவரி 23 அன்னிக்கு நேதாஜி படத்துக்கு மால போட்டு கேசரி தின்னுட்டு ஜெய் ஹிந்த் சொல்லி கலைவோம், வருசம் பூரா அவ்ளோதான் சங்கம்.

போன மழைக்காலத்துல தையக்கார பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ஒரு ராத்திரி முழுக்க அங்கயே கெடந்திருக்கு. எனக்கு தெரிஞ்சது எட்டு நாள் கழிச்சுடா. நான் அடுத்த தெரு! வெக்கமா போச்சு.

அப்பதான் எங்க அப்பா அடிக்கடி சொல்றது ஞாபகம் வந்துச்சு. 1945 ஏப்ரல் 24 நேதாஜி ரங்கூன விட்டு கிளம்பறப்ப நம்ம ஐஎன்ஏ ஜெனரல் லோகநாதன்கிட்ட அஞ்சாயிரம் பேர் போல விட்டுட்டு போனாரே, ஜப்பான்காரனும் இல்லாம வெள்ளக்காரனும் வராம இருந்த அந்த சில நாள் ஊர்ல கொள்ள போகாம பாத்துக்கிட்டது அவங்கதான. அப்பா தெருமுனைல காவல் நின்ன கதைய எத்தன தடவ கேட்ருப்போம், ஆனா அப்டி காவல் நின்ன இன்னொருத்தர் பொண்டாட்டி, இந்த பாட்டி, விழுந்து கெடந்தா பாக்க ஆள் இல்ல.

இப்ப ஞாயித்துக்கிழம ஆனா ரெண்டு ரெண்டு பேரா வீடு வீடா போறோம், மொத்தம் பதினேழு வீடு. பிரஷர் மாத்திர எத்தன நாளைக்கு இருக்கு, அரிசி இருக்கா, பையன் தாய்லாந்துலேர்ந்து போன் பண்ணானா, எல்லாம் ஒரு நோட்டுல எழுதறோம். பாதி வீட்ல பசங்க இல்லடா, காரணம் உனக்கே தெரியும். சாவுன்னா ஐஸ் பெட்டிலேர்ந்து காடு வரைக்கும் சங்கம் பொறுப்பு. பர்மாக்காரங்க நல்லது கெட்டதுக்கு சேந்து நிக்கறத 'தாயே நாயே'ம்பாங்களே, ஸ்கூல்ல அத சொல்லி சொல்லி சிரிச்சு அடி வாங்கினமே, அதான் இப்ப எங்க வேல. 2025 மார்ச்ல மண்டலே பக்கம் நிலநடுக்கம் வந்தப்பகூட தார்ப்பாயும் அரிசியும் அனுப்பினோம், நம்ம ஆளா வேத்தாளான்னு பாக்கல.

சண்டையும் இருக்கு. ஒருத்தர் பளிங்கு கல்வெட்டு வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. ரங்கூன் பக்கத்துல தவுக்கியான் போர் கல்லறைல, வெள்ளக்காரன் படைல செத்து கல்லற கிடைக்காதவங்க பேரு சுமார் 27,000 செதுக்கிருக்கான், அதுல நம்மூர் பேரெல்லாம் இருக்கு, நம்ம அப்பாக்களுக்கு ஒரு கல்லாவது வேணாமாங்கறாரு. நியாயந்தான், ஆனா முதல்ல மாத்திர வாங்குவோம்னு நான் சொல்லிட்டேன், ரெண்டு மாசமா மனுசன் என்கூட பேசறதில்ல. வெள்ளக்காரன் படைல சண்ட போட்டவரு குடும்பம் ஒண்ணையும் நோட்டுல சேத்துட்டேன், அதுக்கும் சேத்து கோவம்.

உங்கப்பாவுக்கு அங்க இந்தியாவுல 1972ல கொண்டுவந்த தியாகி பென்ஷன் கெடச்சுச்சு, ஜெயில்ல இருந்ததுக்கு அவரு பேப்பர் வச்சிருந்தாரு. எங்கப்பாவும் தையக்கார பாட்டி வீட்டுக்காரரும் வெள்ளக்காரன் வந்ததும் பயத்துல எல்லாத்தயும் அடுப்புல போட்டுட்டாங்க. யூனிபார்மோட எடுத்த போட்டோவும் சேந்து எரிஞ்சு போச்சு.

அதான் கேக்கறேன். 65ல நீங்க கப்பல் ஏறறப்ப தோட்ட கூட கழட்டி வாங்கிட்டானுங்கன்னு உங்கம்மா அழுதாங்களே, அப்ப சேல மடிப்புல ஒளிச்சு ஒரு போட்டோ கொண்டு போனாங்கல்ல, மூணு பேரு தொப்பி போட்டு நிப்பாங்க, உங்கப்பா, எங்கப்பா, ஓரத்துல ஒருத்தரு. அது பாட்டி வீட்டுக்காரரு தாண்டா. பெட்டிய தேடி போன்ல புடிச்சு அனுப்பு, பெருசா பிரிண்ட் போட்டு வச்சிர்றேன். பாட்டிக்கு கண்ணுல புர எடுத்தாச்சு, திங்கக்கிழம கட்டு பிரிக்கறாங்க.