கொம்பு வேண்டாம் மக்கா

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பிய நாவலின் 42 பக்கமும் வந்து சேர்ந்தன. போனில் வைத்துப் படித்தால் கண் கூசுகிறது என்றேன். மகள் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் கையெழுத்து பத்தாம் வகுப்பில் பார்த்த மாதிரியே இருக்கிறது. 'ழ' போட்டால் அதன் வால் அடுத்த வரிக்காரன் தலையில் போய் இடிக்கிறது.

இங்கே இங்கிலாந்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் அப்புறம் எனக்கு வேலை இல்லை. மூட்டுவலி அப்படியேதான். மைனிக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? நீ எழுதவே இல்லை. நாவல் எழுத ஆரம்பித்ததும் வீட்டுச் சேதி எல்லாம் மறந்துபோயிற்று போல.

சரி, நாவலுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு கவிதை எழுதுகிறேன் என்று மிரட்டாமல் வடக்கிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளையும் அவர்களிடம் அடிபட்ட பழைய இங்கிலாந்துச் சாக்சன்களையும் பிடித்தாயே, அதற்கே உனக்கு ஒரு சல்யூட். முதலில் அந்தக் கொம்பை எடுத்துவிடு. வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. அது 1876-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் இசை நாடகத்துக்காகத் தைத்த உடுப்பில் வந்த கற்பனை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்தியது பதினோராம் பக்கம். கப்பலிலிருந்து இறங்கிய வைக்கிங் தலைவன் பேசுகிறான். சாக்சன் கிழவி 'இது பேய்மொழி' என்று காதைப் பொத்திக்கொள்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அப்படி நடந்திருக்காது மக்கா. அவளுக்குப் பாதி புரிந்திருக்கும்.

களியக்காவிளைச் சந்தையை நினைத்துக்கொள். மீன்காரி மலையாளத்தில் விலை சொல்லுவாள், நாம் தமிழில் பேரம் பேசுவோம், யாரும் துபாஷி வைத்துக்கொண்டது இல்லை. சாக்சன்களின் பழைய ஆங்கிலமும் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. வீட்டுக்கு இரண்டு பேரும் ஹூஸ் என்பார்கள். கப்பலை இவன் ஷிப் என்றால் அவன் ஸ்கிப் என்பான். இன்றைக்கு ஆங்கிலத்தில் ஷர்ட், ஸ்கர்ட் என்று இரண்டு சொல் இருக்கிறதே, ஆதியில் இரண்டும் ஒரே சொல். சாக்சன் உச்சரிப்பு சட்டையாகவும் நார்ஸ் உச்சரிப்பு பாவாடையாகவும் தங்கிவிட்டன. நார்வேயின் வடகோடியிலிருந்து ஓத்தெரே என்றொரு வியாபாரி, வெசெக்ஸ் என்ற சாக்சன் நாட்டை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரிடம் வந்து தன் கடற்பயணக் கதையெல்லாம் சொன்னான். அதை அந்தக் காலத்து ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தன்னிடம் 600 கலைமான் இருக்கிறது என்கிறான். மாடு எத்தனை என்றால் இருபதே இருபதுதான். அதை எழுதி வைத்ததற்குக் காரணம், இருபது மாடு வைத்திருப்பவனைப் பெரிய ஆள் என்று சொன்னதை அரசவையில் யாராலும் நம்ப முடியவில்லை என்பதுதான் என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம், விட்டுவிடு.

ஆங்கிலத்தில் 'அவர்கள்' என்பதற்கு தே என்கிறார்களே, அதுவே நார்ஸ் சொல். பாத்திரம், பண்டம், துணிமணிக்கெல்லாம் பிறமொழிச் சொல்லை எல்லோரும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நான், நீ, அவர்கள் என்கிற சொல்லை யாராவது கடன் வாங்குவார்களா? ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தால்தான் அது நடக்கும். விண்டோ என்பதும் அவர்கள் சொல்தான்: விண்டவுகா, காற்றின் கண். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் தமிழய்யா சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர் மாளிகை' என்று நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இங்கே காற்றுக்குக் கண், அங்கே காற்றுக்கு வழி, கூடவே மானின் கண்ணும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சுவரில் ஓட்டை போட்டவனுக்கெல்லாம் ஒரே மாதிரிதான் தோன்றியிருக்கிறது.

இன்னொன்று. 793-இல் வைக்கிங்குகள் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்பார்ன் மடத்தைக் கொள்ளையடித்தார்கள் அல்லவா, அதைக் கேள்விப்பட்ட அல்குவின் என்ற அறிஞர் அந்த மடம் இருந்த நார்தம்ப்ரியா நாட்டு அரசனுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். அதில், தாடியிலும் தலைமுடியிலும் அந்தப் புறச்சமயத்தாரைப் போலவே இருக்க ஆசைப்பட்டீர்களே என்று திட்டுகிறார். அதாவது கொள்ளை நடப்பதற்கு முன்னாலேயே இந்த ஊர்க்காரர்கள் வடக்கத்தி ஸ்டைலில் முடிவெட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்! முன்பின் தெரியாத பூதம் கடலிலிருந்து எழும்பி வந்ததாக நீ எழுதியிருக்கிறாய். வந்தவன் தெரிந்தவன். போன வருஷம் தோல் விற்க வந்தவனின் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள். உன் கிழவி அதற்குத்தான் நடுங்க வேண்டும். 'கொல்லாதே' என்று அவள் சொன்னால் அவனுக்கு விளங்கும். விளங்கியும் வெட்டுகிறான். பதினோராம் பக்கத்தை அங்கிருந்து திருப்பி எழுதிப் பார்.

அழுக்கு மூட்டைகளாகவும் காட்டாதே. 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர், இந்த டேன்காரர்கள் (வைக்கிங்குகளைத்தான் சொல்கிறார்) தினமும் தலை வாரி, சனிக்கிழமைதோறும் குளித்து, அடிக்கடி உடை மாற்றி நம் பெண்களை மயக்கினார்கள் என்று புலம்பியிருக்கிறார். நார்ஸ் மொழியில் சனிக்கிழமைக்குப் பெயரே குளிக்கும் நாள். ஔவையார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அப்புறம், நாவலின் ஆரம்பத்தையே மாற்றலாமா என்று ஒரு யோசனை. நீ லிண்டிஸ்பார்னில் தொடங்குகிறாய். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அதற்குச் சில வருடம் முன்பு, ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 789-இன் கீழ் ஒரு சின்னப் பதிவு உண்டு. தெற்குக் கரையில், வெசெக்ஸில், மூன்று கப்பல் வந்து நிற்கிறது. டார்செஸ்டரில் அரசனுடைய அதிகாரி ஒருவன், பியடுஹெர்ட் என்று பெயர், சேதி கேட்டதும் கொஞ்சம் ஆட்களோடு குதிரையில் ஓடுகிறான். வியாபாரிகள் என்று நினைத்துக்கொண்டு, முறைப்படி அரசனின் ஊருக்கு வந்து ஆஜராகுங்கள் என்று அதட்டுகிறான். அவனையும் கூட வந்தவர்களையும் அந்த இடத்திலேயே வெட்டிப் போட்டார்கள். இங்கிலாந்து மண்ணுக்கு வந்த முதல் டேனியக் கப்பல்கள் இவை என்று அந்தக் குறிப்பு முடிகிறது. முப்பது வருஷம் வருவாய்த்துறையில் குப்பை கொட்டியவன் நான். மணல் லாரியை மறிக்கப் போய் நின்ற இரவுகள் எனக்கு உண்டு. ரசீது எங்கே, பர்மிட் எங்கே என்று கேட்கும்போது எதிரே நிற்பவன் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பானே, அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும். பியடுஹெர்ட் நம்ம டிபார்ட்மெண்டு ஆள் மக்கா. அவனுக்கு ஓர் அத்தியாயம் கொடு.

போன மாதம் ரெப்டனுக்குப் போயிருந்தேன். டெர்பியிலிருந்து பஸ்ஸில் பக்கம்தான். (டெர்பி என்பதே டேன்காரர்கள் வைத்த பெயர், 'பி' என்று முடிந்தால் ஊர். சாக்சன்கள் நார்த்வொர்த்தி என்றார்கள். இங்கே கடைத்தெருவுக்கு அயர்ன் கேட், சாட்லர் கேட் என்று பெயர்; கேட் எங்கே என்று நான் ஆறு மாதம் தேடினேன். நார்ஸில் காட்டா என்றால் தெரு.) ரெப்டனில் ஒரு தேவாலயம், அதன் அடியில் மெர்சியா என்ற பழைய நாட்டின் அரசர்களைப் புதைத்த நிலவறை. 1779-இல் மேலே யாருக்கோ குழி தோண்டிய ஆள் பொத்தென்று உள்ளே விழுந்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே மறுபடி தெரிந்ததாம். மூட்டுவலியோடு படியில் மெல்ல இறங்கினேன். குனிந்துதான் போக வேண்டும். நாலு தூண், கயிறு சுற்றிய மாதிரி செதுக்கு வேலை. தொட்டால் சில்லென்று ஈரம். நான் மட்டும்தான் இருந்தேன்.

873-இல் வைக்கிங் படை இங்கேதான் குளிர்காலம் போக்கியது. மெர்சியா அரசன் பர்க்ரெட் ரோமுக்கு ஓடிப்போனான். எதிரியின் அரசர்கள் தூங்கும் கோயிலையே கோட்டை வாசலாக வைத்து, சுற்றி அகழி வெட்டினார்கள். 1970, 80-களில் தோண்டியபோது கிடைத்தவற்றில் ஒரு குழி என்னை விடமாட்டேன் என்கிறது. நடுவயதுக்காரன். மண்டையில் காயம், தொடையில் வாள் வெட்டு. கழுத்தில் வைக்கிங் தெய்வம் தோரின் சின்னச் சம்மட்டிப் பதக்கம், பக்கத்தில் வாள். இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு காட்டுப்பன்றியின் கோரைப்பல். வெட்டில் அறுந்துபோன உறுப்புக்குப் பதிலாக யாரோ வைத்தது என்று சொல்கிறார்கள். மேலுலகத்துக்குக் குறையோடு போகக் கூடாது என்று நினைத்த ஒரு கை அது. பக்கத்திலேயே ஓர் இளைஞன். தந்தையும் மகனும் என்று பிற்பாடு மரபணுச் சோதனையில் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டுக்குள் குறைந்தது 264 பேருடைய எலும்புகள். அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள்.

இந்த எலும்புகளை வைத்து ஒரு கூத்து நடந்தது. எலும்பின் வயதைச் சொல்லும் கதிரியக்கக் கரிமக் கணக்குப்படி சிலது நூறு, இருநூறு வருஷம் பழையதாகக் காட்டியது. அப்படியானால் வைக்கிங் படையே இல்லை என்றாகிவிடும். 2018-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. கடல்மீன் நிறையத் தின்றவன் எலும்பு உள்ளதைவிடப் பழசாகக் காட்டுமாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கணக்கு 9-ஆம் நூற்றாண்டுக்கு வந்து சரியாக உட்கார்ந்துவிட்டது. நம்மை எல்லாம் நாளைக்குத் தோண்டினால் சோழர் காலம் என்றுதான் சொல்லுவார்கள்.

உன் கதாநாயகி பற்றி ஒன்று மட்டும். கற்பனை இளவரசி எதற்கு? ஆல்ஃபிரட்டின் மகள் ஏதெல்ஃப்ளாட் இருக்கிறாள். 917-இல் இதே டெர்பியைப் பிடித்தவள். அவளுக்கு நெருக்கமான நான்கு பிரபுக்கள் வாயிலுக்கு உள்ளே வெட்டுண்டு விழுந்தார்கள் என்று குறிப்பு சொல்கிறது. அடுத்த வருஷமே இறந்துபோனாள்.

கடைசியில், தமிழ் வியாபாரி ஒருவனைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவரப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மக்கா. வாசகனைக் குளிர்விக்கத்தான் அதைச் செய்கிறாய் என்று முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள். ஆசை அடங்கவில்லை என்றால் ஆண்டுக்குறிப்பில் 883-ஐப் பார். ஆல்ஃபிரட் மன்னர் சிகெல்ம், ஆதல்ஸ்தான் என்ற இருவர் வழியாக ரோமுக்கும் இந்தியாவில் புனித தோமாவுக்கும் காணிக்கை அனுப்பியதாக இருக்கிறது. தோமா என்றால் மயிலாப்பூர் என்று நமக்கு உடனே கை துடிக்கும். ஆனால் 'இந்தியா' என்பது 'யூதேயா'வின் எழுத்துப்பிழை என்பாரும் உண்டு. ஒரே ஓர் எழுத்தில் மயிலாப்பூர் போய்விடும். அந்த இரண்டு பேரையும் கிளப்பி விடு, போய்ச் சேர்ந்தார்களா என்று காட்டாதே.

நாயை மறந்துவிட்டேனே. ரெப்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹீத் வுட் என்ற காட்டில் 59 புதைமேடு இருக்கிறது. பிணத்தை எரித்து மேலே மண் குவித்தவை. மனித எலும்போடு குதிரை எலும்பும் நாய் எலும்பும் கிடைத்தன. அந்த எலும்பை ஆராய்ந்ததில் குதிரையும் நாயும் இந்த ஊரில் பிறந்தவை அல்ல, வடக்கே ஸ்காண்டினேவியப் பக்கம் பிறந்து கடல் தாண்டி வந்தவை என்று 2023-இல் சொன்னார்கள். கூட்டமாய் ஆள் நெருக்கும் படகில், உப்புத்தண்ணி தெறிக்க, யாரோ ஒருத்தன் காலடியில் அது சுருண்டு படுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இதைப் பேத்தியிடம் சொல்லித் தொலைத்தேன். நாய்க்குப் பேர் என்ன என்று தினமும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது, தாத்தாவின் கூட்டுக்காரன் கதை எழுதுகிறான், அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்து வைத்திருக்கிறேன். அடுத்த அத்தியாயம் அனுப்பும்போது அந்தப் பேரையும் எழுதி அனுப்பு. மைனி கண்ணைப் பற்றியும் எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்