ஆல் வீல் டிரைவ் காருக்குக் கொஞ்சம் அகலமான டயர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து கேமரன் மலைக்கோ பினாங்குக்கோ கிளம்புமுன் டயர் மாற்றிவிடலாம் என்று வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதில் சுபாரு ஃபாரஸ்டர், எக்ஸ்வி, கோல்ஃப் ஆர் மாதிரியான ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் காரை உந்தும்) கார் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, 225 போட்டிருக்கு. இந்தத் தடவை 235 போட்டுடலாமா?" நாங்கள் "போடலாம், ஆனா..." என்று இழுப்பதற்குள் அடுத்த கார் உள்ளே வந்துவிடுகிறது. அந்த "ஆனா"வுக்கு அப்புறம் சொல்லவேண்டியதை இங்கே எழுதிவிடுகிறோம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் பாருங்கள். 225/60 ஆர்17 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், ரிம் 17 அங்குலம். நடுவில் இருக்கும் 60தான் பலரைக் குழப்புவது. அது மில்லிமீட்டர் கணக்கில்லை, விழுக்காடு. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 விழுக்காடு. அதனால் அகலத்தைக் கூட்டினால், நீங்கள் கேட்காமலேயே டயரின் உயரமும் கூடிவிடும். 225/60இன் மொத்த உயரம் 701.8 மி.மீ. அதையே 235/60 ஆக்கினால் 713.8. சரி, உயரம் வேண்டாம் என்று 235/55க்குப் போனால் 690.3, இப்போது குட்டையாகிவிட்டது. இரண்டுமே பழைய உயரத்திலிருந்து ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேலே விலகுகின்றன.

சில அளவுகளில் கணக்கு அழகாக உட்கார்ந்துவிடும். 205/55 ஆர்16க்குப் பதில் 225/50 ஆர்16 போட்டால் 20 மி.மீ. அகலம் கிடைக்கும், மொத்த உயரத்தில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 3 விழுக்காடு வரை விலகலாம் என்பது டயர்க் கடைகளில் பொதுவாகச் சொல்லும் வழக்கு. ஆல் வீல் டிரைவ் என்றால் நாங்கள் 2 விழுக்காட்டுக்குமேல் போவதில்லை. டயர் உயர்ந்தால் வேகமானி காட்டுவதைவிட கார் வேகமாக ஓடும். 235/60 போட்ட காரில் முள் 90இல் நிற்கும்போது, வேகமானி துல்லியமானது என்று வைத்துக்கொண்டால், உண்மை வேகம் 91.5. பெரும்பாலான கார்களில் வேகமானி கொஞ்சம் கூட்டியே காட்டும்படி அமைத்திருப்பார்கள் என்பதால் இது தெரியாமல் போகும். ஆனாலும் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். நான்கு டயரையும் ஒன்றாக மாற்றி, நான்கும் ஒரே அளவாக இருந்தால், ஒன்றரை விழுக்காடு வித்தியாசம் கியர்பாக்ஸுக்குத் தெரியாது. நான்கும் சேர்ந்து உயர்ந்தன, அவ்வளவுதான். அகலம் கூடியதால் கெட்டுப்போன கார் என்று எங்களிடம் வருபவை அநேகமாக வேறு கதை: இரண்டு புதுசு, இரண்டு பழசு.

ஆல் வீல் டிரைவில் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் ஒன்று இணைக்கிறது. சில கார்களில் அது டிஃபரென்ஷியல் (இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி), பல கார்களில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்த் தட்டுகள். வளைவில் திரும்பும்போது இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்தச் சிறு வித்தியாசத்தை அது தாங்கிக்கொள்ளும், வளைவு முடிந்ததும் ஓய்ந்துவிடும். டயரே உயரம் மாறியிருந்தால் நேர்ச்சாலையிலும் ஓய்வு கிடையாது. புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பாதி தேய்ந்ததில் 4. அந்த 4 மி.மீ. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 மி.மீ. வித்தியாசமாகிறது. 225/60 ஆர்17 ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றும், ஆக கிலோமீட்டருக்கு 11 மீட்டர். இங்கிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 4 கிலோமீட்டர் கணக்கு உதைக்கும். அந்த 4 கிலோமீட்டரும் கிளட்ச்த் தட்டுகள் உரசியே கழியவேண்டும். உரசினால் சூடு, சூட்டில் எண்ணெய் கெடும், அப்புறம் தட்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், "ஒன்று மாற்றுவதைவிட ஜோடியாக மாற்றுவது நல்லது" என்ற பழைய பாடம் இங்கே தலைகீழாகிறது. ஒரு டயர் மட்டும் புதிதென்றால் அந்த அச்சின் சராசரி பாதிதான் மாறும். ஜோடி புதிதென்றால் முழு வித்தியாசமும் நடுக்கிளட்ச்சின் தலையில். ஜொகூரில் விலை குறைவு என்று இரண்டு டயர் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே வாங்குவதில் எங்களுக்கு வருத்தமில்லை. வாங்கினால் நான்காக வாங்குங்கள்.

உங்கள் காரில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பல மாடிக் கார் நிறுத்துமிடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வளைவில் ஏறும்போது, யாரோ ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்ததுபோல் கார் தயங்கித் தயங்கிக் குலுங்கினால், முதலில் நான்கு டயரின் ஆழத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸைக் கழற்றுவது அதற்கப்புறம். எங்கள் கடையில் சாக்பீஸால் டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு போட்டு, காரை ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளப்போம். டயரைக் கழற்றவேண்டிய வேலையே இல்லை. நான்கு எண்ணையும் நீங்களே படித்துக்கொள்ளலாம். சுபாரு கார்களுக்கு நான்கு டயருக்கும் இடையே கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. சுற்றளவு வித்தியாசம்தான் வரம்பு என்பார்கள். ஆழத்தில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர்.

எல்லா ஆல் வீல் டிரைவும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஹாரியர் ஹைப்ரிட் மாதிரி பின்சக்கரத்தைத் தனி மின்மோட்டார் ஓட்டுகிற கார்களில் நடுவே இரண்டு அச்சையும் இணைக்கும் தண்டே கிடையாது. மேலே சொன்ன உரசலும் கிடையாது. சில பிஎம்டபிள்யூ கார்களில் தொழிற்சாலையிலேயே முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 இருக்கும். அகலத்தில் 30 மி.மீ. வித்தியாசம், ஆனால் உயரத்தைக் கணக்குப் பாருங்கள்: 659.7, 661.2. அகலத்தை எவ்வளவு மாற்றினாலும் உயரத்தை அவர்கள் விடவில்லை.

அடுத்தது ரிம். 225/45 ஆர்17 டயர் 7 அங்குல ரிம்மில் உட்காரும். 235/45 ஆர்17க்குக் குறைந்தது 7.5 வேண்டும். அதைக் கட்டாயமாக 7இல் ஏற்றினால் பக்கச்சுவர் பலூன் மாதிரி பிதுங்கும். வளைவில் கார் தள்ளாடும், 225இல் இருந்த துல்லியமும் போய்விடும். ஃபாரஸ்டரின் 7 அங்குல ரிம்மில் 235/60 தாராளமாக உட்காரும். ரிம்மின் அகலம் உள்பக்கம் பொறித்திருக்கும், சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றும்போது இன்னொன்றையும் பார்ப்போம்: உள்பக்கம் ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று. 10 மி.மீ. அகலம் கூடினால் பக்கத்துக்கு 5 மி.மீ., உயரமும் கூடினால் மேலே 6 மி.மீ. விரல் நுழையாத இடமாக இருந்தால் போடமாட்டோம். கார் காலியாக நிற்கும்போது உரசாது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி, பாலத்து விளிம்பில் ஒரு குதி குதிக்கும்போது உரசும்.

மழை விஷயத்தில்தான் எங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அதிகம் வாக்குவாதம். அகலமான டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று நம்புகிறார்கள். அதே காற்றழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அகலமாகவும் குட்டையாகவும் வடிவம்தான் மாறும். அகன்ற டயர் முன்னால் நிற்கும் தண்ணீரை அதிகமாக ஒதுக்கவேண்டும், அதனால் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் சற்றுக் குறையும். 10 மி.மீ.க்கு இது சின்ன விஷயம். டயரின் ஆழம் அதைவிடப் பெரிய விஷயம். ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிற ஊர் இது. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், நாங்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வோம். இன்னொன்று: ஆல் வீல் டிரைவ் என்பது காரை நகர்த்தத்தான் உதவும். பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்தில்தான்.

காய்ந்த சாலையில் அகல டயரின் பலன் உண்மை. வளைவில் கார் உறுதியாக நிற்கும், ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். பதிலுக்குக் கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் சத்தம், கூடுதல் விலை. எங்களைக் கேட்டால், அந்தக் கூடுதல் வெள்ளியை அதே 225இல் ஒரு படி நல்ல டயருக்குப் போடுங்கள் என்போம். எங்கள் கணக்காளர் முறைக்கிறார், இருக்கட்டும்.

அகலமாகத்தான் வேண்டும் என்றால், பாரம் தாங்கும் எண் பழையதற்குக் குறையக்கூடாது: 99 என்றால் ஒரு டயருக்கு 775 கிலோ, 95 என்றால் 690 கிலோ. காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடியே. டயரோ ரிம்மோ மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது, துருத்தினால் வாகனச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். மூன்று வயதைத் தாண்டிய காருக்கு அது இரண்டு ஆண்டுக்கொருமுறை, பத்து வயதுக்குமேல் ஆண்டுதோறும். காப்புறுதி நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வருவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் டயர்ச் சீட்டையும், இப்போதிருக்கும் நான்கு டயரின் பக்கவாட்டையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என்ன அளவு உட்காரும், என்ன விலை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. வார நாளில் காலையில் வந்தால் ரிம்மையும் இடைவெளியையும் நிதானமாகப் பார்த்துச் சொல்லமுடியும்.

அன்புடன்,
உங்கள் டயர்க் கடை