கேம்ல ரூபாய காட்ட சொல்லுங்க: ஐடி அமைச்சகத்துக்கு ஒரு அம்மாவோட திறந்த மடல்

மத்திய எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துல இருக்கற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் சட்டம் கொண்டுவந்து, காசு கட்டி ஆடற ரம்மி, போக்கர், கிரிக்கெட் டீம் போடற ஆப் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்துனீங்க. அதுக்கு நன்றி, மனசார சொல்றேன். ரம்மியால இங்க எத்தன குடும்பம் என்ன ஆச்சுன்னு பேப்பர் படிக்கற எல்லாருக்கும் தெரியும், தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரியிலேயே 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க காசு கேம் ஆடக்கூடாது, பெரியவங்களும் ராத்திரி 12லேர்ந்து காலைல 5 வரைக்கும் ஆடக்கூடாதுன்னு ரூல் போட்டு, அது செல்லும்னு ஐகோர்ட்டும் சொல்லிடுச்சு. ஆனா எங்க வீட்டு பிரச்னை ரம்மி இல்லங்க. 10 வயசு பையன் கையில ரம்மி இல்ல, அவன் கையில இருக்கறது துப்பாக்கி சுடற கேமும் வீடு கட்டி பூனை வளக்கற ஒரு உலகமும்தான்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில பில்லிங் பாக்கறேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எண்ணுதான் எனக்கு பொழப்பு. அந்த கண்ணோட பையன் ஆடற கேமோட கடைப்பக்கத்த ஒரு நாள் உக்காந்து பாத்தேன் (பேரு வேண்டாம், எல்லா கேம்லயும் இதே கதைதான்). எதுலயுமே ரூபாய் இல்ல. எல்லாம் டைமண்ட், நெஜ காசு குடுத்து வாங்கற கேம் காசு அது. கேம் பொம்மைக்கு ஒரு சட்டை 450 டைமண்டுன்னா டைமண்ட் பாக்கெட் 400 இல்லன்னா 800ன்னுதான் இருக்கும், சட்டைக்கு சரியா வாங்கவே முடியாது, மிச்சம் எப்பவும் நிக்கும், அந்த மிச்சத்த வீணாக்க மனசு வராம பிள்ளை இன்னொரு பாக்கெட் கேக்கும். சும்மா தற்செயலா இப்படி அமைஞ்சதா இதெல்லாம்? நான் இப்படி ஒரு பில்லு போட்டு பார்ட்டிக்கு அனுப்புனா அடுத்த நாள் என் சீட்டு காலி.

அப்புறம் அந்த லக்கி ஸ்பின். டைமண்ட் குடுத்தா சக்கரம் சுத்தும், மின்னும், பக்கத்துல ஒரு கடிகாரம் இன்னும் 2 மணி நேரம்தான்னு ஓடிட்டே இருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழால வளையம் எறியற கடையும் இதேதானேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, ஆனா அங்க பிள்ளை கையிலேர்ந்து 20 ரூபா நோட்டு போறது பிள்ளை கண்ணுக்கு தெரியுதே, காசு தீந்தா அழுதுட்டு வீட்டுக்கு வந்துடுவானே. இங்க தீர்றதே இல்ல.

உங்க சட்டத்துல காசுக்கு சமமா வாங்கற காயின், டோக்கன் எல்லாத்தையும் பந்தயப் பணம்னு சேத்து எழுதியிருக்கீங்க, அது வரைக்கும் சரி. ஆனா சுத்துனா கெடைக்கறது வெளிய விக்க முடியாத ஒரு தொப்பியோ துப்பாக்கி கலரோன்னா அது காசு கேமா, இல்ல பந்தயம் இல்லாம பொழுதுபோக்கா ஆடறதுன்னு நீங்க வளக்கணும்னு சொல்ற சோஷியல் கேமாங்கறது என்ன மாதிரி ஆளுக்கு படிச்சா புரியல. கம்பெனிக்கு எது வசதியோ அதத்தான் அவங்க புரிஞ்சுக்குவாங்க. பெல்ஜியத்துல 2018லேயே உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே கேம்ல காசு குடுத்து தொறக்கற அதிர்ஷ்டப் பெட்டிய சூதாட்டம்னு சொல்லிட்டாங்க, பெரிய பெரிய கம்பெனிங்க அந்த ஊர்ல மட்டும் பெட்டிய எடுத்துட்டு கேமை நடத்துறாங்க. நம்ம ஊர்ல எடுக்க மட்டும் முடியாதாமா.

பின் நம்பர பிள்ளைக்கு தெரியாம வச்சுக்கங்கன்னு சொல்வீங்க. வச்சிருக்கோம். முக்குல இருக்கற மொபைல் கடையில பணத்த நீட்டுனா டைமண்ட் வாங்கற ரிடீம் கோடு குடுத்துடறாங்க, தாத்தா குடுத்த பொங்கல் காசு அப்படித்தான் போச்சு எங்க வீட்டுல. ரீஃபண்ட் கேட்டா ஆப் ஸ்டோர்காரங்க கேம் கம்பெனிய கேளுங்கன்னாங்க, கேம் கம்பெனி ஆப் ஸ்டோர கேளுங்கன்னு சொல்லுச்சு, ரெண்டு பக்கமும் பதில் சொன்னது மெஷினு.

தெருவுல விளையாட அனுப்புங்கம்மான்னு அட்வைஸ் பண்றவங்க தயவுசெஞ்சு எங்க தெருவுக்கு ஒருக்கா வந்து பாருங்க, ரெண்டு பக்கமும் பைக், நடுவுல சரக்கு வண்டி. கேம் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. பெங்களூர்ல இருக்கற எங்க அண்ணன் பொண்ணும் இவனும் சேந்து அந்த உலகத்துல ஒரு வீடு கட்டியிருக்காங்க பாருங்க, மாடி, கிணறு, திண்ணை எல்லாம் வச்சு, அது அவ்ளோ அழகு. ரெண்டும் போன்ல பேசுனா 2 நிமிஷம், அங்க சேந்தா மணிக்கணக்கு. ஆனா அதே திண்ணையில முன்பின் தெரியாத ஒரு ஆளும் வந்து உக்காந்து எந்த ஸ்கூலு, வீட்டுல யாரு இருக்காங்கன்னு டைப் பண்ணலாம். வயசு கேக்கறாங்களேன்னா, பிறந்த வருஷத்த உருட்டி 1995ல நிறுத்துனா முடிஞ்சுது, என் பையன் அந்த கேம்ல என் தம்பிய விட மூத்தவன்.

இதெல்லாம் பண்ண முடியாத காரியம் இல்லங்க. 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு ஃபோர்ட்நைட்ங்கற கேமை நடத்தற எபிக் கேம்ஸ் கம்பெனிக்கிட்ட 52 கோடி டாலருக்கு செட்டில்மென்ட் வாங்குச்சு, அதுல 24.5 கோடி ஏமாந்து காசு விட்டவங்களுக்கு திருப்பி குடுக்க. ஒரே ஒரு பட்டன தெரியாம அமுக்குனாலே காசு போற மாதிரி செஞ்சு வச்சிருந்தாங்கங்கறதுதான் அதுல புகாரு. அதோட, குழந்தைங்க அக்கவுன்ட்ல பேச்சும் சாட்டும் ஆரம்பத்துலேயே ஆஃப்ல இருக்கணும், வேணும்னா தொறந்துக்கட்டும்னு சொல்லிட்டாங்க. இங்க எல்லாம் தொறந்தே இருக்கு, மூடறது எங்க வேலையாம், எந்த செட்டிங்ல எந்த மூலையில இருக்குன்னு தேடி.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. செலவு பண்ற எல்லா இடத்துலயும் டைமண்டு பக்கத்துல ரூபாய போட சொல்லுங்க, இந்த மாசம் மொத்தம் எவ்ளோன்னு பெத்தவங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரட்டும். 18க்கு கீழ இருக்கற அக்கவுன்ட்ல ஸ்பின், பெட்டி, ஓடற கடிகாரம் எதுவும் வேண்டாம். தெரியாதவங்களோட சாட் மூடியே இருக்கட்டும். ஆளுங்களோட சொந்த விவரத்த பாதுகாக்கற 2023 டேட்டா சட்டத்துல, 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க விவரத்த எடுக்க பெத்தவங்க ஒப்புதல சரிபாத்து வாங்கணும்னு இருக்கு, ஆனா 2025 நவம்பர்ல ரூல்ஸ் வந்தப்ப அதுக்கு 18 மாசம் டைம் குடுத்துட்டீங்க, பையன் அதுக்குள்ள ரெண்டு கிளாஸ் தாண்டிடுவான், பரவால்ல, அந்த சரிபாக்கறதாவது பிறந்த தேதிய உருட்டறதா இருக்கக்கூடாது.

இன்னொண்ணு. அதே சட்டத்துல ஒப்புதல் கேக்கும்போது அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்கற தமிழ் மாதிரி மொழியிலயும் படிக்க வசதி தரணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அத கேமோட பேரன்ட் செட்டிங்குக்கும் புகார் குடுக்கற எடத்துக்கும் சேத்து போடுங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போயிடறோம், 4 மணிக்கு ஸ்கூல் விட்டா பசங்கள பாத்துக்கறது எங்க மாமியார், அவங்களுக்கு தமிழ் நல்லா படிக்க வரும், இங்கிலீஷ் வராது. கேமை நிறுத்தற பட்டன் எதுன்னு தமிழ்ல இருந்தா அவங்களே அமுக்கிடுவாங்க.

இப்படிக்கு,
திருப்பூர்லேர்ந்து ரெண்டு பசங்களோட அம்மா