படத்தில் இருக்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நம்பிய பையனுக்கு அனுப்பிய அந்தரங்கப் படம் வகுப்பு வாட்ஸ்அப் குழு முழுக்கப் பரவிவிடுகிறது. அடுத்து நடப்பது நீங்கள் அறியாததல்ல. அவளுடைய அம்மாவை வரவழைத்து, உங்கள் அறை வாசலில் காக்க வைத்து, “பள்ளியின் பெயர் கெட்டுவிடும்” என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பரப்பியவன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறான். இது அநியாயம்.

அதைவிட ஆபத்தான ஒன்றும் நடக்கிறது. “சாட்சிக்கு வேண்டும்” என்று அந்தப் படத்தை ஆசிரியர்களே தங்கள் செல்பேசிக்கு மாற்றிக்கொள்கிறார்கள், ஆசிரியர் குழுவில் பகிர்கிறார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அத்தகைய படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறையே ஐந்து ஆண்டுகள் வரை சிறை. வெறுமனே தரவிறக்கி வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். படத்தைப் பார்க்கவோ பிரதி எடுக்கவோ வேண்டாம். விஷயம் தெரிந்ததும் காவல்துறைக்குச் சொல்வது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு விதிக்கும் கடமை. மூடி மறைத்தால் அதுவே குற்றம்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. தன் படத்தைத் தானே எடுத்த பிள்ளைக்கு அதில் தெளிவான விலக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லேயே சட்டத்தைத் திருத்தி, சுரண்டல் இல்லாத சூழலில் இளையோருக்கு விலக்கு அளித்தது. இங்கு அப்படி இல்லாததால்தான் பிள்ளைகள் பயந்து வாய் திறப்பதில்லை. மிரட்டுபவனுக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

பாதிக்கப்பட்டவளிடம் முதலில் கேட்க வேண்டியது “ஏன் அனுப்பினாய்?” என்பதல்ல, “இப்போது யாராவது மிரட்டுகிறார்களா?” என்பதுதான். 1098 (குழந்தைகள் உதவி எண்), 1930 (சைபர் குற்ற உதவி எண்) ஆகியவற்றை அவளிடமும் பெற்றோரிடமும் கொடுங்கள். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையையும் சொல்லுங்கள். படம் அவளுடைய செல்பேசியை விட்டு வெளியே போகாமலே, அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதைத் தடுக்க உதவும்.

பரப்பிய பையனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை; அவனும் குழந்தைதான், அவனுக்குச் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது. ஆனால், மன்னிப்புக் கடிதத்தோடு அவனை விட்டுவிடவும் கூடாது.

உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் பாலியல் கல்வியின் தேவையையும் வலியுறுத்தியது. அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே தொடங்குங்கள். “படம் அனுப்பாதே” என்று பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு எடுத்து முடித்துவிடாதீர்கள். “கேட்டு நச்சரிக்காதே, உனக்கு வந்ததை இன்னொருவருக்குக் காட்டாதே” என்று பையன்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பள்ளி ஆலோசகர்