இன்ஸ் கிராமத்துப் பிள்ளைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. வெளியே அதிகம் போகாததால் ஓவியப் புத்தகங்களை நிதானமாகப் பார்க்க முடிகிறது. அதில் ஆல்பர்ட் அங்கர் என்ற ஓவியர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

சுவிட்சர்லாந்தில் பெர்ன் மாநிலத்து இன்ஸ் கிராமத்துக்காரர், 1831இல் பிறந்தவர். இறையியல் படித்துக்கொண்டிருந்தவர், கால்நடை மருத்துவரான அப்பாவைச் சம்மதிக்க வைத்து, 1854இல் ஓவியம் கற்கப் பாரிஸ் போனார். பிறகு பல வருடங்கள் குளிர்காலத்தில் பாரிஸ், கோடையில் சொந்த ஊர். ஆனாலும் திரும்பத் திரும்ப வரைந்தது ஊர்ப் பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும்தான்.

அவர் வரைந்த பிள்ளைகள் பெரும்பாலும் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஒருத்தி நூல் பின்னுகிறாள், ஒருத்தி உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். 1887இல் வரைந்த ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறுமி தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். கை தன் வேலையைப் பார்க்கிறது, கண் மேசைமேல் விரித்து வைத்த புத்தகத்தில். பெரியவர்களின் வேலைக்கு நாம் கொடுக்கிற மரியாதையை அங்கர் அந்தச் சிறுமிக்குக் கொடுத்திருக்கிறார். குழந்தை என்றாலே கொஞ்சவேண்டிய பொருள் என்று வரைகிறவர்களிடம் இது கிடைக்காது.

பள்ளிக்கூடத்தின் மேலும் அவருக்கு உண்மையான அக்கறை. ஊர்ப் பள்ளிக் குழுவில் செயலாளராக இருந்தார். சுவிட்சர்லாந்தின் 1874 அரசியலமைப்பு தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கி, இலவசமாகவும் ஆக்கிய காலம் அது. 1862இல் பள்ளித் தேர்வை வரைந்தார். 1896இல், 1848ஆம் வருடத்து கிராமப் பள்ளியை வரைந்தார்.

அப்புறம் இன்னொரு படம். அங்கருக்குப் பிறந்த ஆறு பிள்ளைகளில் இருவர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். 1869இல் மகன் ரூடி இறந்தபோது, படுக்கையில் கிடந்த அவனை அப்பாவே வரைந்தார். அந்தக் காலத்தில் குழந்தை இறப்பது எந்த வீட்டுக்கும் புதிதில்லைதான். அதற்காக வலி குறைந்துவிடுமா? அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, தாத்தா கதை சொல்ல, பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் அவருடைய படத்தை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் அங்கே உயிரோடு உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயமாகத் தெரிகிறது.

1901இல் பக்கவாதம் வந்து வலது கை பாதிக்கப்பட்டது. பெரிய எண்ணெய் ஓவியங்கள் கைக்கு முடியாமல் போக, நீர்வண்ணத்துக்கு மாறி, 1910இல் இறக்கும்வரை நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார்.

சரி, அடுத்த மாதம் தம்பி உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறான். அங்கரின் ஓவியப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பேத்தியிடமும் காட்டு, எந்தப் படத்தில் அவள் அதிக நேரம் நிற்கிறாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
ரா.