ஹைஸ்மன் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்: பந்தை விட்டு ஒரு நிமிடம் கண்ணை எடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பைக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்களுக்கும், அந்தக் கோப்பையை முன்பே வென்று இன்று வாக்குரிமை வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களுக்கு எழுதும் மடல்தான். ஆனால் அமெரிக்காவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றாலே கல்லூரி ஃபுட்பால்தான் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது). பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா அம்மாவும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், டிசம்பர் வந்தால் "இந்த வருஷம் ஹைஸ்மன் யாருக்கு" என்ற பேச்சு சாப்பிடும் இடம் வரைக்கும் வந்துவிடுகிறது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 2009-இல் அந்தக் கோப்பை நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் தடுப்பு வீரர் என்டாமுக்கன் சூவுக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் அவருக்கு நான்காம் இடம் கொடுத்தீர்கள். இத்தனை வருடம் கழித்து அதை ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். அன்றைக்கு எந்தப் பழக்கம் உங்களை அப்படி வாக்களிக்க வைத்ததோ, அது இன்னும் அப்படியே இருக்கிறது, அதனால்தான்.

அந்த ஆண்டு நான் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனில் மாணவன். ஊருக்குப் புதிது, ஆட்டத்தின் விதிகள் பாதிகூடப் புரியாது. 1962-இலிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிச்சமாகாத மைதானம் இருக்கும் ஊர் அது, பார்க்காமல் இருந்தால் பேச ஆள் கிடைக்காது. நான் இருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு வயதானவர், அவரோடு உட்கார்ந்துதான் பார்க்கப் பழகினேன். என் கண் பந்தோடு போகும், எல்லாரையும் போல. பந்து கைமாறும், எறியப்படும், யாரோ விழுவார்கள், எனக்கு எதுவும் விளங்காது. ஒரு நாள் அவர் சொன்னார்: "பந்தைப் பார்க்காதே. 93-ஆம் எண்ணைப் பார்." அவ்வளவுதான். அந்தச் சட்டைக்குள் இருந்தவர் சூ. அவரை மட்டும் பார்க்கத் தொடங்கியதும், ஏதோ கலைந்து கிடப்பதாகத் தெரிந்த ஆட்டம் மெல்ல மெல்ல எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. அவரை மறிக்க இரண்டு பேர் வருகிறார்கள், சில சமயம் மூன்று பேர், அதனால் பக்கத்தில் இருப்பவனுக்கு வழி கிடைக்கிறது, அதனால் எதிரணி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) அவசரப்படுகிறார், அதனால் பந்து தப்பான இடத்துக்குப் போகிறது. மறுநாள் பேப்பரில் அந்தப் பந்தைப் பிடித்தவரின் பெயர் மட்டும் வரும்.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் கபடிதான் காரணம். எங்கள் பக்கத்தில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாடிப் போகிறவனுக்குக் கிடைக்கிற அதே கைதட்டல் காலைப் பிடித்து மடக்கிக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்துகிறவனுக்கும் கிடைக்கும். பிடிக்கும் புள்ளி உண்டு, அவன் பெயரையும் ஊர் சொல்லும். லிங்கனில் நான் பார்த்ததும் ஒரு பிடிதான்.

இப்போது 2009 டிசம்பர் 5-க்கு வருகிறேன். ஆர்லிங்டனில் பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) இறுதி ஆட்டம், எதிரில் டெக்சாஸ். டெக்சாஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய், ஹைஸ்மன் பேச்சில் முன்வரிசையில் இருந்தவர். அந்த இரவில் அவர் 9 முறை சாக் ஆனார் (பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார்), அதில் நாலரை சூவுடையது (இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்று கணக்கு). சூ மொத்தம் 12 டேக்கிள் செய்தார், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தினார். மெக்காயைத் தூக்கிச் சுழற்றிப் போட்ட அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நெப்ராஸ்காவின் தாக்குதல் அணி அன்றைக்கு மொத்தமே 106 யார்டுதான் எடுத்தது, ஒரு டச்டவுன்கூட (பந்தைக் கடைசிக் கோடு தாண்டிக் கொண்டுபோவது) இல்லை, நான்கு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) மட்டும். அப்படி இருந்தும் கடைசி நொடி வரை நெப்ராஸ்கா 12–10 என்று முன்னால் இருந்தது. எதிரணியை யார் கட்டிப்போட்டது என்று யோசித்துப் பாருங்கள். கடிகாரம் பூஜ்ஜியம் காட்டியது, நாங்கள் எழுந்து கத்தினோம், அப்புறம் நடுவர்கள் வீடியோ பார்த்து ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள், டெக்சாஸ் 46 யார்டிலிருந்து உதைத்து 13–12 என்று ஜெயித்தது. வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. அலபாமாவின் மார்க் இங்ரம் முதல் இடம், ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட் 28 புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் இடம். மூன்றாம் இடம் மெக்காய். நான்காவதுதான் சூ. இங்ரம் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே டிசம்பர் 5 அன்று ஃபுளோரிடாவுக்கு எதிராக மூன்று டச்டவுன் போட்டவர் அவர். கெர்ஹார்டும் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக யார்டு ஓடியவர். ஆனால் மெக்காய் எப்படி மூன்றாவது? நேருக்கு நேர் மோதிய இரவில் ஒருவர் இன்னொருவரை இரவு முழுக்கத் தரையில் கிடத்தினார், ஒரு வாரத்தில் உங்கள் பட்டியலில் கீழே விழுந்தவர் மேலே இருந்தார். அசோசியேட்டட் பிரஸ் அந்த ஆண்டின் சிறந்த வீரர் என்று சூவைத்தான் தேர்ந்தெடுத்தது, அந்த விருதை வாங்கிய முதல் தடுப்பு வீரர் அவர். அதாவது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே அது தெரியாமல் இல்லை.

அவர் அணி தோற்றதே என்பீர்கள். 1956-இல் நோட்டர் டேம் 10 ஆட்டத்தில் 8 தோற்றது. அந்த அணியின் பால் ஹோர்னங்குக்குக் கோப்பை போனது, சிரக்யூசின் ஜிம் பிரவுன் அந்த வாக்கெடுப்பில் ஐந்தாவது. ஹோர்னங் குவார்ட்டர்பேக் என்பதால் தோல்வியை மன்னிக்க முடிந்திருக்கிறது.

தடுப்பு வீரர்களுக்கென்று தனி விருதுகள் இருக்கின்றனவே என்பது அடுத்த பதில். இதைத்தான் அதிகம் கேட்கிறேன், இதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுகிறது. பெட்னாரிக், நகர்ஸ்கி எல்லாம் இருக்கின்றன, சரி. குவார்ட்டர்பேக்குக்கு டேவி ஓ'பிரையன் விருது இல்லையா? ஓடுபவருக்கு டோக் வாக்கர், பாஸ் பிடிப்பவருக்கு பிலெட்னிகாஃப் இல்லையா? தனி விருது வைத்திருப்பது காரணம் என்றால் ஹைஸ்மனை யாருக்குமே கொடுக்க முடியாது. உங்கள் விதியில் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரர் என்றுதான் இருக்கிறது, பந்தைக் கையில் வைத்திருப்பவர் என்று எங்கும் எழுதவில்லை.

2000-லிருந்து 2025 வரை 26 கோப்பைகளில் 21 குவார்ட்டர்பேக்குகளுக்குப் போயிருக்கின்றன. கடைசியாக வாங்கிய இந்தியானாவின் ஃபெர்னாண்டோ மெண்டோசாவும் குவார்ட்டர்பேக்தான், அவர் தகுதியானவர் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மற்ற ஐந்தில் மூன்று ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ஒரு ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்), அப்புறம் டிராவிஸ் ஹன்டர். ஹன்டர் தடுப்பு வீரர்தானே என்று உடனே சொல்வீர்கள். 2024-இல் என் மனசும் அவர் பக்கம்தான் இருந்தது, பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 யார்டு ஓடிய பருவம் அது என்றாலும். தடுப்பு, தாக்குதல் என்று இரண்டு பக்கமும் ஓய்வில்லாமல் ஆடி, ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்னாப் (பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) களத்தில் நின்ற ஆளை வேறு யாரோடு ஒப்பிடுவது? ஆனால் அவரே ரிசீவராகப் பந்து பிடித்து ஆயிரம் யார்டு தாண்டிய பிறகுதான் உங்கள் கண்ணில் பட்டார். 1997-இல் பெய்ட்டன் மேனிங்கை முந்தி வென்ற மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சனும் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் (பன்ட்) பிடித்துத் திருப்பி ஓடினார், பாஸ் பிடித்தார். தடுப்பு மட்டும் ஆடிய ஒருவருக்கு 1935-இலிருந்து இன்று வரை ஒரு முறைகூட இந்தக் கோப்பை போகவில்லை. எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் ஒருவர்கூடவா இல்லை? பிட்ஸ்பர்கின் ஹியூ கிரீன் 1980-இல் இரண்டாவது, நோட்டர் டேமின் மான்டை டியோ 2012-இல் இரண்டாவது, மிச்சிகனின் ஏடன் ஹட்சின்சன் 2021-இல் இரண்டாவது. அதே 2021-இல் அலபாமாவின் வில் ஆண்டர்சன் எதிரணிகளை நடுங்க வைத்தார், அவரை நியூயார்க் விழாவுக்குக்கூட அழைக்கவில்லை.

தாக்குதல் வரிசையில் முன்னால் நின்று வழி திறக்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். 1973-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் டேக்கிள் என்ற முன்வரிசை இடத்தில் ஆடிய ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார். அவருக்குப் பின்னால் ஓடிய ஆர்ச்சி கிரிஃபின் அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பையை வாங்கினார், இன்று வரை இரண்டு முறை வென்ற ஒரே ஆள் அவர்தான். ஹிக்ஸுக்குப் பிறகு அந்த இடத்தில் ஆடும் யாரும் இரண்டாம் இடம்கூடத் தொடவில்லை. 1996-இல் ஆர்லாண்டோ பேஸ் நான்காவது.

இதில் என்னை ரொம்பவும் உறுத்துவது ஒன்று உண்டு. கோப்பைக்குப் பெயர் கொடுத்த ஜான் ஹைஸ்மன் பிரவுனிலும் பென்சில்வேனியாவிலும் மாணவராக இருந்தபோது முன்வரிசையில், அதாவது லைனில், ஆடியவர். கார்டு, டேக்கிள், சென்டர். அந்த இடங்களில் ஆடுகிற ஒருவருக்கும் அவர் பெயரிலுள்ள கோப்பை இதுவரை கிடைத்ததில்லை. பழைய காலத்தில் லைனின் ஓரத்தில் என்ட் நிலையில் ஆடிய இரண்டு பேர் வாங்கினார்கள், 1936-இல் லாரி கெல்லி, 1949-இல் லியான் ஹார்ட், அவர்களும் பாஸ் பிடிப்பவர்கள்தான். அந்த வெண்கலச் சிலையையே பாருங்கள். ஒரு கையில் பந்து, இன்னொரு கை யாரையோ தள்ளுகிறது. தள்ளப்படுகிற அந்த யாரோ சிலையில் இல்லை.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் நாட்டை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 145 பேர் வாக்களிக்கிறீர்கள், உங்கள் பக்கத்து ஆட்டத்துக்கு நேரில் போகிறீர்கள், மற்றதெல்லாம் எண்களாகத்தான் வந்து சேரும். ஓடியவருக்கு யார்டு இருக்கிறது, எறிந்தவருக்கு யார்டு இருக்கிறது. இரண்டு பேரைத் தன் மேல் இழுத்துக்கொண்டு நின்றதற்கு எந்தக் கட்டத்திலும் எண் விழுவதில்லை. வானொலியும் செய்தித்தாளும் மட்டும் இருந்த நாளில் அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்? இன்றைக்கு ஒவ்வொரு பெரிய ஆட்டமும் திரையில் இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், மேலிருந்து எடுத்த காட்சியில் 22 பேரும் தெரிகிறார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் சீட்டில் மூன்று வரி இருக்கிறது, முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. சீட்டைத் திறப்பதற்கு முந்தைய வாரம், நாட்டின் நல்ல தடுப்பு வீரர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு முழு ஆட்டத்தில் அவர்களை மட்டும் பாருங்கள். முக்கியமாக மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் ஏழெட்டு யார்டு பாக்கி இருக்கும்போது. பந்து எங்கே போனாலும் போகட்டும். லைன்மேன் ஒருவரையும் அதே மாதிரி பாருங்கள். அப்புறமும் குவார்ட்டர்பேக் பெயர்தான் முதலில் வருகிறது என்றால் எழுதுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆட்டங்களைப் பார்க்காமல் மட்டும் எழுதாதீர்கள். கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் முடிவதற்குள் சீட்டை அனுப்பியும் விடாதீர்கள். சூவின் அந்த இரவு ஒரு சனிக்கிழமை. வாக்களிக்கத் திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது.

முன்பு வென்றவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வாழ்நாள் முழுக்க வாக்கு உண்டு. உங்களில் பெரும்பாலோர் குவார்ட்டர்பேக்குகள், ரன்னிங் பேக்குகள். உங்கள் முன்னால் நின்று அடி வாங்கியவர் யார், எதிரில் யார் வந்து நின்றால் முந்தைய இரவே உங்களுக்குத் தூக்கம் கெட்டது என்பது வேறு எவரையும்விட உங்களுக்குத் தெரியும். வரும் டிசம்பரில் அந்த மாதிரி ஆள் ஒருவரின் பெயரை உங்கள் சீட்டில் முதல் வரியில் எழுதிப் பாருங்கள்.

இப்படிக்கு,
லிங்கனில் படித்த ஒரு சனிக்கிழமை ரசிகன்